போர் விமானமும் புதிய படைக்கலமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் போர் விமானத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயுதத்தின் பெருமையைப் பாட நாம் வரவில்லை. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் புத்தரின் வழியைத் தழுவிய அண்ணல் அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட நமக்கு, கொல்லும் கருவியின் மேல் காதல் கிடையாது. ஆயினும், இக்காலத்தில் மனித அறிவின் மிகக் கடினமான உழைப்புகளுள் ஒன்று அத்துறையில் நடைபெறுகின்றது. அந்த உழைப்பு நமக்கு அருகிலேயே நடைபெறுகின்றது. அதில் நம் பிள்ளைகளுக்கு எந்த இடம் என்பதே நம் கேள்வி.

2020-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222-ஆம் எண் விமானப் பிரிவு புத்துயிர் பெற்றது. சுகோய்-30 எம்கேஐ என்னும் போர் விமானங்களைக் கொண்ட அப்பிரிவின் சிறப்புப் படைக்கலம் பிரமோஸ் ஏவுகணை. நாம் மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறினால் ஓரிரு மணி நேரத்தில் அடையும் திருவனந்தபுரத்தில், முன்னர் கேரளா ஹைடெக் என்று வழங்கிய தொழிற்சாலை 2007-ஆம் ஆண்டின் இறுதியில் பிரமோஸ் நிறுவனத்தின் கைக்கு மாறி, ஏவுகணைப் பாகங்களைச் செய்யத் தொடங்கியது. ஆகவே இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை அன்று. நம் வீட்டுத் திண்ணையில் இருந்து எட்டிப் பார்க்கும் தொலைவில் நடக்கும் காரியம்.

தொங்கவிடுதல் வேறு, பொருத்துதல் வேறு

விமானம் ஒன்று இருக்கின்றது; ஏவுகணை ஒன்று இருக்கின்றது; இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று.

நம் மாவட்டத்தில் ரப்பர் நாற்றில் ஒட்டுக் கட்டுவதை அறியாதவர் இல்லை. நல்ல மரத்திலிருந்து மொட்டுள்ள பட்டைத் துண்டை எடுத்து, நாற்றின் பட்டையைக் கீறித் திறந்து, உள்ளே வைத்துக் கட்டுகின்றோம். கட்டிய அன்றே ஒட்டுப் பிடித்தது என்று எவரும் சொல்வதில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, துண்டு பச்சையாக இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே சொல்லுகின்றோம். கட்டுதல் ஒரு நாள் வேலை. பிடித்தல் வேறொரு வேலை. விமானத்தில் படைக்கலத்தைப் பொருத்துவதும் அவ்வாறே.

பிரமோஸ் ஏவுகணை, இந்தியாவும் ரஷ்யாவும் 1998-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழிப் பிறந்தது. பிரம்மபுத்திரா, மாஸ்கோவா என்னும் இரு ஆறுகளின் பெயர்களைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டனர். 2001-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அது முதன்முதலில் ஏவப்பட்டது. கப்பலிலிருந்தும் தரையிலிருந்தும் ஏவப்படும் வகை ஏறத்தாழ 3 டன் எடையுள்ளது; ஒலியின் வேகத்தைப்போல் 2.8 மடங்கு வேகத்தில் செல்வது. ஏவுகணை செம்மையாக இயங்கியது. விமானமும் செம்மையாகப் பறந்தது. ஆயினும் ஏவுகணை முதன்முதலில் ஏவப்பட்ட நாளுக்கும், விமானத்திலிருந்து முதன்முதலில் ஏவப்பட்ட நாளுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கடந்தன. தனித்தனியே தேர்ந்த இரண்டு பொருள்கள் ஒன்றாகத் தேர்வதற்கு அத்தனை உழைப்பு வேண்டியிருந்தது.

பாரத்தின் கணக்கு

முதல் இடர்ப்பாடு எடை. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று தெரியும். பாரம் முன்னே சாய்ந்தால் மாட்டின் கழுத்து நெரியும். பின்னே சாய்ந்தால் நுகம் மேலே தூக்கும். விமானத்துக்கும் இதே கணக்குத்தான். ஆனால் வண்டி ஓடும்போது பாரத்தை நடுவழியில் எவரும் எறிவதில்லை. போர் விமானமோ பறந்துகொண்டிருக்கும்போதே தன் பாரத்தை ஒரு நொடியில் கைவிடுகின்றது. இறக்கையின் ஒரு பக்கத்து ஆயுதம் போய்விட்டால் மறுபக்கம் கனக்கின்றது. நடுவயிற்றிலிருந்து 2.5 டன் போய்விட்டால் விமானம் முழுவதும் மேலே துள்ள முயலுகின்றது. தலைச்சுமையாகக் கதிர்க்கட்டைச் சுமந்து வரப்பில் நடந்த நம் தாய்மார்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கட்டு ஒரு பக்கம் நழுவினால் கழுத்து என்ன பாடுபடும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

சுகோய்-30 எம்கேஐ விமானத்தில் ஆயுதங்களை மாட்ட 12 இடங்கள் உள்ளன. எனினும் இத்தகைய கனத்தைத் தாங்க ஏற்ற இடம் வயிற்றின் நடுப்பகுதி ஒன்றே. அங்கும் இருந்த வலு போதவில்லை. ஆகவே இரண்டு பக்கமும் மாற்றம் செய்யப்பட்டது. ஏவுகணையை இளைக்கச் செய்து 2.5 டன்னுக்குக் கொண்டுவந்தனர். விமானத்தின் அடிப்பகுதியை வலுப்படுத்தும் வேலையை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் நாசிக்கில் செய்தது. வருகின்றவனும் மாறினான், வரவேற்கின்ற வீடும் மாறியது. இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

பிரியும் நொடி

இரண்டாவது இடர்ப்பாடு காற்று. கையிலிருந்து கல்லை விட்டால் நேரே கீழே விழும். ஆனால் மிகு வேகத்தில் செல்லும் விமானத்தின் அடியில் காற்று சுழலுகின்றது. அங்கே விடப்பட்ட பொருள் கீழே போகாமல் மேலே எழும்பி, விட்டவனையே தாக்குவது உண்டு. எனவே பிரமோஸ் ஏவுகணை விமானத்தை விட்டு முதலில் தானாகக் கீழே விழுகின்றது. பாதுகாப்பான இடைவெளி ஏற்பட்ட பின்னரே அதன் எஞ்சின் பற்றுகின்றது.

ஆயுதம் தன்னை ஏந்தியவனையே தாக்கிய கதை வெறும் கற்பனையன்று. 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் அருகே டாம் அட்ரிட்ஜ் என்னும் சோதனை விமானி, புதிய டைகர் விமானத்தின் 20 மி.மீ. பீரங்கிகளைச் சுட்டுச் சோதித்தார். சுட்ட குண்டுகள் காற்றில் வேகம் குறைந்து தாழ்ந்தன. விமானமோ சாய்ந்து பாய்ந்து மேலும் வேகம் பெற்றது. சில நொடிகளில் தம் குண்டுகளைத் தாமே எட்டிப்பிடித்தார். அவை விமானத்தைத் துளைத்தன. விமானம் தரையில் வீழ்ந்தும் அவர் உயிர் பிழைத்தார். பீரங்கியிலும் பழுதில்லை, விமானத்திலும் பழுதில்லை. இரண்டும் சேர்ந்தபோது என்ன நேரும் என்பதை எவரும் முன்கூட்டிக் கணக்கிடவில்லை.

நம் விமானப்படையில் 1957 முதல் பணியாற்றி, 1971 டிசம்பரில் லோங்கேவாலாப் போரில் பெயர் பெற்ற ஹண்டர் விமானத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பிரிட்டனில் அதன் தொடக்க வகைகளைச் சோதித்தபோது, உயரத்தில் பறந்துகொண்டு பீரங்கியைச் சுட்டால் வெடிப்புகை எஞ்சினுக்குள் புகுந்து எஞ்சின் திணறியது. விசையை அழுத்தும் நொடியில் எரிபொருள் தானாகச் சற்றுக் குறையும்படி அமைத்து அக்குறையைத் தீர்த்தனர். சுட்டபின் உதிரும் குண்டுக் கண்ணிகள் விமானத்தின் உடலையே அடித்துச் சேதப்படுத்தியமையால், அவற்றைப் பிடித்துவைக்க இரண்டு கூடுகளை அடியில் பொருத்தினர். ஹண்டரின் படங்களில் மூக்குக்குக் கீழே காணும் இரு புடைப்புகள் அவையே. ஒரு குறையைத் தீர்க்க விமானத்தின் உருவமே மாறியது.

மின்சாரமும் மொழியும்

மூன்றாவது இடர்ப்பாடு மின்சாரம். 1967-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் வியட்நாம் அருகே கடலில் நின்ற ஃபாரஸ்டல் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில், தளத்தில் நின்ற ஒரு விமானத்தின் ராக்கெட் தானே சீறிப் பாய்ந்தது. மின்னோட்டத்தில் ஏற்பட்ட திடீர் எழுச்சியே காரணம். அதனால் மூண்ட தீயில் 134 பேர் மாண்டனர். எவரும் விசையை அழுத்தவில்லை. ஒரு கம்பியில் ஒரு கணம் ஓடிய வேண்டாத மின்சாரம் அத்தனை வீடுகளில் இருளைக் கொண்டுவந்தது. அதனால்தான் ஆயுதத்தின் ஒவ்வொரு கம்பியும், ராடார் அலைகளின் நடுவே வைத்தும் சோதிக்கப்படுகின்றது.

நான்காவது இடர்ப்பாடு மொழி. விமானத்தின் கணிப்பொறியும் ஏவுகணையின் கணிப்பொறியும் ஒன்றுக்கொன்று பேசியாக வேண்டும். பேச்சில் ஒரு சொல் பிசகினாலும் ஆயுதம் புறப்படாது. அல்லது தவறான இடத்துக்குப் புறப்படும். பிரமோஸ் இணைப்பில் விஞ்ஞானிகள் எதிர்கொண்ட பெரும் சவால்களுள் ஒன்று இதுவே. ஏவுகணை விடுபடுமுன், தான் எங்கே இருக்கின்றோம், எத்திசையை நோக்கியிருக்கின்றோம், எவ்வளவு வேகத்தில் செல்கின்றோம் என்பதை விமானத்திடமிருந்து கேட்டறிய வேண்டும். விமானத்தின் உடலோ பறக்கையில் சிறிது வளைகின்றது, அதிர்கின்றது. ஆகவே விமானம் சொல்லும் திசையும் ஏவுகணை நிற்கும் திசையும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுத் தீர்க்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யக்கூடிய ஒரு கணக்கைச் சொல்வோம். ஒரே ஒரு பாகை பிசகினால், 290 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 5 கி.மீ. விலகிப் போகும். மார்த்தாண்டத்தில் குறிவைத்தால் குழித்துறையையும் தாண்டிவிடும். போரில் ஐந்து கிலோமீட்டர் பிசகு என்றால், குறியிடப்பட்ட இடம் தப்பும், குறியிடப்படாத ஊர் அழியும். ஆகவே இந்தக் கணக்குச் சரியாக இருப்பது வெற்றிக்காக மட்டும் அன்று. குற்றமற்றவர் சாகாதிருப்பதற்காகவும் ஆகும்.

இந்த மொழியை எழுதும் உரிமை எவரிடம் இருக்கின்றதோ, அவரிடமே விமானத்தின் சாவி இருக்கின்றது. வெளிநாட்டில் வாங்கிய விமானத்தின் கணிப்பொறியைத் திறக்க உரிமை இல்லையேல், ஒவ்வொரு புதிய ஆயுதத்துக்கும் விற்றவன் வாயிலில் காத்து நிற்க வேண்டும். இதை உணர்ந்தே சுகோய்-30 எம்கேஐ விமானத்துக்கு இந்தியாவிலேயே மின்னணுக் கருவிகளைச் செய்யும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. அத்திட்டத்துக்கு 'வெற்றிவேல்' என்று தமிழ்ப்பெயர் வைத்தனர். பிரமோஸ் இணைப்பிலும் விமானத்தின் மென்பொருளை எழுதியவர்கள் விமானப்படையின் பொறியாளர்களே. உடலையும் கம்பிகளையும் மாற்றியது இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். நாம் உருவாக்கிய தேஜஸ் விமானம், நாம் உருவாக்கிய அஸ்திரா ஏவுகணையைக் கோவாக் கடற்பகுதியில் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் ஏவியதும் இவ்வழியில் வந்த பயனே.

படிப்படியான சோதனை

இனி, சோதனை நடக்கும் ஒழுங்கைக் காண்போம். முதலில் தாளிலும் கணிப்பொறியிலும் கணக்கு. பின்னர்க் காற்றுச் சுரங்கத்தில் சிறிய உருவத்தை வைத்துப் பார்த்தல். அதன்பின் தரையில் நிற்கும் விமானத்தில் மாட்டி அதிர்வு, மின்சாரம் ஆகியவற்றைப் பார்த்தல். பின்னர் ஆயுதத்தை விடாமல் சுமந்து பறத்தல். அடுத்து, எஞ்சின் பற்றாத மாதிரியைக் கீழே விட்டுப் பார்த்தல். இறுதியாக ஏவுதல்.

பிரமோஸைச் சுமந்த சுகோய் விமானம் 2016-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் நாசிக்கில் முதன்முதலில் பறந்தது. அன்று ஏவவில்லை; சுமந்து பறந்து திரும்பியது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் வங்கக் கடலில் ஓர் இலக்கின் மேல் முதன்முதலில் ஏவப்பட்டது. 2019 மே 22-இல் தரை இலக்கின் மேல் ஏவப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் நாள் நடந்த சோதனைக்குப் பின்னரே, இணைப்புப் பணி நிறைவுற்றது என்று அரசு அறிவித்தது. அடுத்த மாதமே தஞ்சாவூரில் அப்பிரிவு அமைந்தது. சுமந்து பறந்த நாளிலிருந்து எண்ணினால் மூன்றரை ஆண்டுகள்.

ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று, 'இன்னும் இல்லை' என்று சொல்லும் துணிவு வேண்டும். மேலதிகாரி அவசரப்படுத்தலாம், செய்தித்தாள் காத்திருக்கலாம். அளவுகோல் காட்டிய எண்ணை மாற்றிச் சொல்லாதவனே நல்ல பொறியாளன். அளவுகோலுக்குச் சாதி தெரியாது. ஆனால் அளவுகோலைப் பிடிக்கும் கை எது என்பதைச் சமுதாயம் இன்றும் பார்க்கின்றது. அதனால்தான் இங்கே வந்து இதைச் சொல்லுகின்றோம்.

நமக்கு இதில் என்ன பாடம்

வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றதை நம் முன்னோர் சொல்லிக் கேட்டிருக்கின்றோம். அன்று நம் ஊரும் திருவிதாங்கூரில் அடங்கியிருந்தது. அவர் 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்து, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்டார். அதற்காக வயல் வேலையையே நிறுத்தச் செய்தார். சேர்க்கலாம் என்று அரசு ஆணை பிறந்தது. ஆயினும், ஊருட்டம்பலம் பள்ளியில் ஒரு சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது, அப்பள்ளி தீக்கிரையாக்கப்பட்டது. ஆணை இருந்தது, ஏற்கும் கட்டடம் ஆயத்தமாக இல்லை.

இன்று கட்டடத்தை எவரும் எரிப்பதில்லை. ஆனால் சேர்க்கை வேறு, பொருத்தம் வேறு என்னும் நிலை மாறிவிட்டதா? நாம் அறிந்த ஒரு மாணவன், கூலி வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்து, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான். பொறியியல் வரைபடம் என்றால் என்னவென்று சொல்ல வீட்டில் எவரும் இல்லை. வகுப்பில் கேட்டபோது, இட ஒதுக்கீட்டில் வந்தவனுக்கு இது எங்கே விளங்கும் என்று சிரித்தார்கள். முதலாண்டு முடியுமுன் திரும்பி வந்துவிட்டான். அவனுக்கு அறிவு குறைவு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அன்பர்களே, 2.5 டன் ஏவுகணையை விமானம் தாங்கவில்லை என்றபோது, ஏவுகணைக்குத் தகுதி இல்லை என்று எந்தப் பொறியாளரும் சொல்லவில்லை. விமானத்தின் அடிப்பகுதியை வலுப்படுத்தினார்கள். ஏவுகணையும் தன்னைச் செதுக்கிக்கொண்டது. இரு பக்கமும் உழைத்தபின் பொருத்தம் உண்டாயிற்று. இரும்புக்குக் காட்டிய அந்தப் பொறுமையை மனிதப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா? கல்லூரிகள் தம் அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. நம்மை நாமே செதுக்கிக்கொள்வது நம் கடமை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிடலாகாது.

ஆகவே, இருபத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பணியைச் செய்த இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, எட்டாம் வகுப்பிலிருந்தே ஞாயிறுதோறும் கணக்கும் பொறியியல் வரைபடமும் கற்பிக்கும் வகுப்பு வேண்டும். கையில் அளவுகோலும் கவராயமும் பழகிய பிள்ளை கல்லூரியில் மிரளாது.

இரண்டாவது, தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ கல்லூரிக்கோ செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும், முன்னரே படித்து வந்த ஒருவர் முதலாண்டு முழுதும் துணை நிற்க வேண்டும். ஒட்டுக் கட்டிய நாற்றை மூன்று வாரம் கண்காணிக்கும் நாம், பிள்ளையை ஓராண்டு கண்காணிக்கக் கூடாதா?

மூன்றாவது, வேலை அறிவிப்புகளைப் படித்துச் சொல்லும் ஒரு மேசை வேண்டும். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கீடு உண்டு. தொழிற்பயிற்சி முடித்தவர்களை அவை பழகுநர்களாகவும் எடுக்கின்றன. படைப்பிரிவுகளில் ஒதுக்கீடு இல்லை. அங்கே முழுத் தேர்வாகவே வெல்ல வேண்டும். எது எங்கே என்று தெரியாமல் எத்தனை பிள்ளைகள் நாளைத் தவறவிடுகின்றனர்! இவ்வேலைகளுக்குப் பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். பாகையும் மின்னோட்டமும் ஆண் பெண் பார்ப்பதில்லை.

அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்து, படைப்பள்ளியில் ஆசிரியராகப் பணி செய்தவர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சமுதாயத்துக்குப் படையின் வாயில் அடைக்கப்பட்டது. மீண்டும் போராடித் திறந்த பின்னரே 1941-இல் மகர் ரெஜிமெண்ட் அமைந்தது. திறந்த வாயில் தானாகத் திறந்தே இருக்கும் என்று எண்ண வேண்டாம். உள்ளே சென்றவர்கள் தகுதியால் நின்று, பின்னே வருபவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் பாரம் சுமந்தார்கள். பாரத்தின் கணக்கை வேறு எவரோ எழுதினார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கணக்கை எழுத வேண்டும். ஒரு பாகை பிசகினாலும் ஊர் அழியும் என்பதை அறிந்து, 'இன்னும் இல்லை' என்று சொல்லவும், 'இப்போது சரி' என்று கையொப்பமிடவும் தகுந்தவர்களாக அவர்கள் வளர வேண்டும். அந்தக் கையொப்பங்களுள் ஒன்றேனும் இச்சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலிருந்து புறப்பட்ட கையினுடையதாக இருக்க வேண்டும் என்பதே நம் ஆவல்.